சூடானால் மட்டும் எரியும் விளக்கு

புந்தோங், ஈப்போ
8 மார்ச் 1981

என் அன்புள்ள அத்தானுக்கு,

நவமணி எழுதுகிறேன். நானும் எல்ஸியும் சுகம். உங்கள் உடம்பும் மனமும் அந்தச் சபா காட்டில் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையில்கூட மாதாவிடம் கேட்டுக்கொண்டேன்.

நீங்கள் அனுப்பிய போட்டோ வந்தது. டிராக்டர் எது, நீங்கள் எது என்று கண்டுபிடிக்கவே நேரமாயிற்று, அவ்வளவு சேறு. எல்ஸி அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். மூன்று வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா அது? வாய் மூடுவதே இல்லை. தையற்கடையில் ஈஸ்டர் துணிகள் குவிந்து கிடக்கின்றன. நான் வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் அக்காதான் அவளைப் பார்த்துக்கொள்கிறார்.

உங்கள் மேல் ஒரு குறை. சாப்பிட்டேன், வேலை செய்தேன், மழை பெய்தது என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள். அதற்குப் பெயர் கடிதமா, தந்தியா? அங்கே யாரோடு பேசுகிறீர்கள், எதற்குச் சிரிக்கிறீர்கள் என்றும் எழுதினால் என்னவாம்?

இன்னொன்று. சின்னச் சந்தேகம்தான். வாரம் ஒரு தடவை காரை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடு, இல்லாவிட்டால் பேட்டரி செத்துப்போகும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். செய்துகொண்டுதான் இருக்கிறேன். இப்போது சில நாளாக, 'ஆயில்' என்று எழுதிய சின்னச் சிவப்பு விளக்கு அவ்வப்போது எரிகிறது. பிறகு அதுவாகவே அணைந்துவிடுகிறது. இது பயப்பட வேண்டிய விஷயமா? அவசரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
நவமணி

—

லகாட் டத்து, சபா
20 மார்ச் 1981

அன்பு நவமணிக்கு,

ஸ்டானிஸ்லாஸ் ஆசையோடு எழுதிக்கொள்வது. கடிதம் கிடைத்தது. குறையும் கிடைத்தது. இங்கே பேசுவதற்கு ஒரு கடஸான்காரர் இருக்கிறார், இந்த மண்ணின் பூர்வகுடி, டிராக்டர் டிரைவர். என் மலாய் அவருக்குப் புரியாது, அவர் மலாய் எனக்குப் புரியாது. அதற்குத்தான் இரண்டு பேரும் சிரிக்கிறோம். சமையல்காரர் எல்லாவற்றிலும் ஒரே கருப்புச் சோயாச் சாந்தை ஊற்றுகிறார். உன் ரசத்தை நினைத்துக்கொண்டே விழுங்குகிறேன். போதுமா?

இப்போது விளக்கு. கவனமாகப் படி. எண்ணெய் குறைந்தால்தான் அது எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அது எண்ணெயின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. என்ஜினுக்குள் ஒரு பம்பு எண்ணெயை எல்லா இடத்துக்கும் தள்ளிக்கொண்டே இருக்கும், நம் நெஞ்சு இரத்தத்தைத் தள்ளுவது போல. அந்த அழுத்தம் விழுந்தால் இரும்பும் இரும்பும் உரசி, சில நிமிடத்தில் என்ஜினே இறுகிப் போகலாம். ஆகவே விளக்கு விடாமல் எரிந்தால் அப்போதே சாவியைத் திருப்பி நிறுத்திவிடு.

முதலில் ஆயில் குச்சியைப் பார். காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கார் சமதளத்தில் நிற்க வேண்டும். குச்சியை இழுத்துத் துணியால் துடைத்து, மறுபடி முழுக்க உள்ளே விட்டு எடு. எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். காருக்கு அடியில் ஒழுகுகிறதா என்றும் பார். விளக்கு எப்போது வருகிறது, எப்போது போகிறது, என்ஜினில் தட்டும் சத்தம் கேட்கிறதா, எல்லாம் விவரமாக எழுது. அதுவரை காரைத் தொடாதே.

எல்ஸிக்கு முத்தம்.

உன்,
ஸ்டானிஸ்லாஸ்

—

புந்தோங், ஈப்போ
1 ஏப்ரல் 1981

என் அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே ஆண்டவர் புண்ணியத்தில் யாருக்கும் குறைவில்லை. கடஸான்காரரை நினைத்து நானும் சிரித்தேன். அவருக்கு நம் கும்பிடு சொல்லுங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை.

நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். எண்ணெய் மேல் கோட்டை ஒட்டியே இருக்கிறது. காருக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து வைத்தேன். மறுநாள் ஒரு பொட்டுக்கூட விழவில்லை, கருப்பம்மாள் அக்காவின் பூனைதான் அதன்மேல் படுத்திருந்தது.

விளக்கு இப்படித்தான் வருகிறது. சாவியைத் திருப்பினால் எரியும், ஸ்டார்ட் ஆனதும் அணையும். அது வழக்கம்தானே? காலையில் எவ்வளவு நேரம் நின்றாலும் வராது. நன்றாகச் சூடான பிறகு, கியரை எடுத்துவிட்டு நிற்கும்போதுதான் மினுக்குகிறது. எண்ணெய் மிதியைக் காலால் கொஞ்சம் அழுத்தினால் விளக்கு ஓடிவிடுகிறது. ஏற்றத்தில் ஒருநாளும் வந்ததில்லை. தட்டும் சத்தமும் இல்லை, தையல் மிஷின் மாதிரி சீராகத்தான் ஓடுகிறது. இப்போதெல்லாம் எனக்கு முன்னால் எல்ஸிதான் பார்த்துவிடுகிறாள். பின்னாலிருந்து, "அம்மா, செவப்பு வந்துருச்சு" என்கிறாள்.

நேற்று பெய்த மழையில் சமையலறைக்குள் தண்ணீர் வந்து, நானும் அக்காவும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அள்ளிக் கொட்டினோம். எல்ஸி காகிதக் கப்பல் விட்டாள். நீங்கள் இருந்திருந்தால் அவளோடு சேர்ந்து கப்பல்தான் விட்டிருப்பீர்கள்.

அன்பு மாறாத,
நவமணி

—

லகாட் டத்து, சபா
12 ஏப்ரல் 1981

நவமணிக்கு,

எந்த ஏற்றம்?

உன் கடிதத்தை டிராக்டர் ஷெட்டில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். நம் வீட்டுக் கார் நிற்கும் இடத்தில் ஏற்றம் கிடையாது. எல்ஸி பின் சீட்டில் ஏன் உட்கார்ந்திருக்கிறாள்? அதைவிடப் பெரிய விஷயம், நான் என்ஜின் பிட்டர் வேலை செய்கிறவன் என்பதை நீ மறந்துவிட்டாய். நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் ஓடும் என்ஜினில் எண்ணெய் அவ்வளவு இளகாது. சூடான பிறகு மட்டும் மினுக்குகிறது என்றால், அந்தக் கார் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடியிருக்கிறது. ஈப்போ டவுனை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சுற்றினாலும் அவ்வளவு ஆகாது.

உனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. நவமணி, நீ எங்கே போய்வருகிறாய்?

எனக்குக் கோபம் இருக்கிறது. அதைவிடப் பயம் இருக்கிறது. நடுரோட்டில், சின்னப் பிள்ளையோடு, அந்த விளக்கு எரிய எரிய நீ ஓட்டுவதைத்தான் ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இருந்தாலும் அடுத்த வேலையைச் சொல்கிறேன், சொல்லாவிட்டால் நீயாக எதையாவது செய்வாய். ஆயில் பில்டருக்குப் பக்கத்தில், என்ஜினில் திருகியிருக்கும் கட்டைவிரல் பருமனான ஒரு சுவிட்ச் இருக்கும். அதன் தலையில் ஒற்றை ஒயர். விளக்கு மினுக்கும்போது அந்த ஒயரைப் பிடுங்கு. பிடுங்கிய பிறகும் விளக்கு எரிந்தால், ஒயர் எங்கோ உரிந்து இரும்பில் படுகிறது. அணைந்தால் ஒயரில் தவறு இல்லை. சுவிட்ச் கெட்டிருக்க வேண்டும், அல்லது நிஜமாகவே அழுத்தம் விழுகிறது. பேன் பெல்டில் கை படாமல் பார்த்துக்கொள். முந்தானை, துண்டு எதுவும் தொங்கக் கூடாது.

கேட்டதற்குப் பதில் எழுது.

ஸ்டானிஸ்லாஸ்

—

புந்தோங், ஈப்போ
22 ஏப்ரல் 1981

என் அன்புள்ள அத்தானுக்கு,

ஈஸ்டர் வாழ்த்து. உங்கள் கோபத்துக்கும் சேர்த்துத்தான்.

ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் சுங்காய்க்குப் போய்வருகிறேன். உங்கள் அப்பாவை, என் மாமாவைப் பார்க்க.

நீங்கள் கப்பலேறிய பிறகு ஒருநாள் சந்தையில் உங்கள் எஸ்டேட் அம்மா ஒருத்தரைப் பார்த்தேன். லூர்துசாமி அண்ணனுக்குக் கண் மங்கிப் போச்சு, சுடுதண்ணியைக் காலில் ஊத்திக்கிட்டாரு என்று மாமாவைப் பற்றிச் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து எனக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. பஸ்ஸில் போனேன். பெரிய ரோட்டிலிருந்து மாமாவின் லயத்து வீடுவரை வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும்தான் ஷெட்டில் நிற்கும் காரைப் பார்த்தேன். தையற்கடைக்கு வரும் ஓர் அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவரிடம் படித்தேன். முதல் தடவை பக்கவாட்டில் நிறுத்தத் தெரியாமல் பெயிலானேன், அடுத்த தடவை லைசன் கிடைத்துவிட்டது.

நாலு வருடத்துக்கு முன் நடந்ததை நான் மறக்கவில்லை. எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்கிறார்கள் என்றதும், இந்தக் காரை வாங்கிய கையோடு மாமாவை அழைத்துவரப் போனீர்கள். வருகிறீர்களா என்று கேட்காமலே, அவர் சாமானைக் கட்ட ஆளையும் கூட்டிப்போனீர்கள். உன் காரில் என் கால் படாது என்று அவர் சொன்னார். இந்த வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று நீங்கள் சொன்னீர்கள். அது உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில். நான் எதுவும் சொல்லவில்லையே, அத்தான். நான் எங்கே வேண்டுமானாலும் மிதிக்கலாம்.

கார் சத்தம் கேட்டதும் மாமா வெளியே வந்து, கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, "யாரு, அவனா?" என்று கேட்டார். நான் என்றேன். ஓட்டி வந்தது யார் என்றார். அதுவும் நான்தான் என்றேன். சிரித்துவிட்டார். சிரித்து இருமி, கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்ஸியின் முகத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். அவருக்கு அவள் ஒரு நிழல் மாதிரிதான் தெரிகிறாளாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் வரவில்லை. இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். மூன்றாம் தடவை, "அவன் கார்ல ஏறமாட்டேன்னு சொல்லிட்டேன்லா" என்றார். நான், "இப்ப இது நான் ஓட்டுற கார், மாமா" என்றேன். பிறகு உள்ளே போய்ச் செருப்பைத் தேடினார்.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, எடுத்துவிட்டால் தெரியும் என்றார்கள். மே மாதம் பதினெட்டாம் தேதி ஆபரேஷன். முந்தின நாள் நான்தான் அழைத்துவர வேண்டும்.

ஒயரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டேன். கோப்பேங் வரை போய் வந்து, சூடாக இருக்கும்போதே செய்தேன். கருப்பம்மாள் அக்கா உள்ளே உட்கார்ந்து முருகா முருகா என்று விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடுங்கியதும், "போயிருச்சு நவமணி" என்றார். மாட்டியதும் வந்துவிட்டது. ஆகவே ஒயரில் குற்றம் இல்லை.

என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படுங்கள். ஆனால் அந்தக் கிழவரை ஏற்றிக்கொண்டு வர இந்தக் காரை நம்பலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

நவமணி

—

லகாட் டத்து, சபா
4 மே 1981

நவமணிக்கு,

கடிதம் கிடைத்தது. அவரைப் பற்றி எழுத எனக்கு இப்போது கை வரவில்லை. காரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எண்ணெய் அழுத்தம் அளக்கும் கேஜ் போட்டுப் பார்க்காமல் அந்தக் காரில் யாரும் ஏறக் கூடாது. மெங்லெம்புவில் ஆ கியோங் பட்டறைக்குப் போ. நான் சொன்னேன் என்று சொல். அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் கேஜைத் திருகச் சொல். என்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு, நின்ற நிலையில் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சூட்டிலும் முள் நன்றாக நின்றால் சுவிட்ச்தான் பொய் சொல்கிறது. புதுச் சுவிட்ச் போட்டால் தீர்ந்தது. முள் படுத்துவிட்டால் பேரிங் தேய்ந்திருக்கும், அல்லது பம்பு. அப்படியானால் காரை அங்கேயே விட்டுவிட்டு, வாடகைக் கார் பிடி. எதுவானாலும் பழைய எண்ணெயை வடித்து, கொஞ்சம் தடித்த எண்ணெயும் புது பில்டரும் போடச் சொல். நான் கிளம்பும்போது ஊற்றிய எண்ணெய் அவ்வளவு தூரம் ஓடுவதற்கு இல்லை.

அவர் முன் சீட்டில் உட்காரட்டும். கண்ணாடியை மூடாதே. அடைத்த வண்டியில் போனால் அவருக்குக் குமட்டும், சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் கொடு.

ஸ்டானிஸ்லாஸ்

—

புந்தோங், ஈப்போ
7 ஜூன் 1981

என் அன்பான, அன்பான அத்தானுக்கு,

நீங்கள் எழுதிய கடைசி நாலு வரிக்காக உங்கள் கோபத்தை எல்லாம் மன்னித்துவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. காரிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆ கியோங் கேஜை மாட்டிவிட்டு, தானே பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, என்னை ஓட்டச் சொன்னார். கம்பார் ரோட்டில் நெடுந்தூரம் போனோம். நான் லாரியை முந்தியபோது கதவைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்து பட்டறை வாசலில் கியரை எடுத்துவிட்டு நின்றோம். என்ஜின் கொதிக்கிறது. இரண்டு பேரும் குனிந்து முள்ளைப் பார்த்தோம். அசையவில்லை, அத்தான். இருபதில் அப்படியே நின்றது. நடுங்கக்கூட இல்லை. ஆ கியோங் கையைத் துடைத்துக்கொண்டு, "எஞ்சின் பாகுஸ்லா, நல்லா இருக்கு. சுவிட்ச்தான் பொய்" என்றார். பிறகு கழற்றிய சுவிட்சை என் கையில் வைத்து, உங்களிடம் காட்டச் சொன்னார். புதுச் சுவிட்ச், புது எண்ணெய், புது பில்டர் எல்லாம் போட்டாயிற்று. விளக்கு அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. எல்ஸிக்குத்தான் ஏமாற்றம்.

பதினேழாம் தேதி மாமாவை அழைத்துவந்தேன். வழியில் பீடோர் தாண்டியதும், கண்ணாடியை மூடாதே என்று நீங்கள் எழுதியிருப்பதைச் சொன்னேன். கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டு, தாப்பா வரும்வரை அந்தப் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். தாப்பாவில் டீ குடிக்க நிறுத்தினபோது, "அவன் சாப்புட்டுக்கிறானா அங்க?" என்று கேட்டார். கருப்புச் சாந்துக் கதையைச் சொன்னேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்க்கிற அன்று எல்ஸியையும் கூட்டிப்போனேன். டாக்டர் தற்காலிகமாக ஒரு தடித்த கண்ணாடி கொடுத்தார். அதைப் போட்டதும் மாமாவின் கண் ஆந்தைக் கண் மாதிரி பெரிதாகத் தெரிந்தது. எல்ஸி பயந்து என் பின்னால் ஒளிந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு என்னிடம், "இவளுக்கு நெத்தியில மச்சம் இருக்குன்னு நீ சொல்லவே இல்லையேம்மா" என்றார். நான் ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். நர்ஸ் வந்து என்னைத்தான் முதலில் உட்கார வைத்தார்.

பத்து நாள் நம் வீட்டில் இருந்தார். காலையில் எழுந்ததும் தமிழ்ப் பேப்பரை எழுத்துக் கூட்டி, விளம்பரம் உட்பட, சத்தமாகப் படிப்பார். கருப்பம்மாள் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார். பிறகு போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஆளில்லாமல் கிடந்தால் லயத்து வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம். போன ஞாயிறு கொண்டுபோய் விட்டேன்.

அவர் உங்களுக்கு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. நான் கேட்கவும் இல்லை. உங்கள் சேற்றுப் போட்டோவை மட்டும் எல்ஸியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

டிசம்பரில்தான் லீவு என்றீர்கள். அவ்வளவு நாள் இருக்கிறதா இன்னும்?

உங்கள் வருகையை எண்ணிக்கொண்டிருக்கும்,
நவமணி

—

சுங்காய்
12 ஆகஸ்டு 1981

என் அன்பு நவமணிக்கு,

மேலே எழுதியிருக்கும் ஊரைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்துவிடாதே. சுங்காய்தான். லீவை முன்னால் கேட்டு வாங்கிவிட்டேன். உன் வாசலில் வந்து திடீரென்று நிற்கலாம் என்றுதான் எழுதாமல் புறப்பட்டேன். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கே டிக்கெட் எடுத்தேன். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் எனக்கு உட்கார முடியவில்லை. பஸ் சுங்காயில் ஆள் இறக்க நின்றது. நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். டிரைவர், ஈப்போ இன்னும் ஐம்பது மைல்கட்டை இருக்கிறது என்று கத்தினார். தெரியும் என்றேன்.

லயத்துக்குப் போகும் மண்ரோட்டில் நடந்தேன். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு இரண்டு பக்கமும் எண்ணெய்ச் செம்பனை நட்டிருக்கிறார்கள். எனக்கு வழியே அடையாளம் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. பைப்படியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர், நான் பள்ளத்தில் வரும்போதே வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். நீ சொன்ன அந்தத் தடித்த கண்ணாடிதான். கிட்டப் போனதும் பெட்டியை இறக்கப் போனேன். அவர்தான், "பொட்டிய மண்ணுல வைக்காதடா, மழ வரும் போல" என்றார். வாளியை நான் தூக்கிக்கொண்டேன். பெட்டியை அவர் தூக்கிக்கொண்டார்.

சோறு வைத்தார். சம்பல் காரம் அதிகம், இரண்டு தட்டு சாப்பிட்டேன். அவரும் நானும் நிறையப் பேசினோம் என்று நினைத்துக்கொள்ளாதே. மழை பெய்தது, பார்த்துக்கொண்டிருந்தோம். உன்னைப் பற்றித்தான் அதிகம் பேசினார். லாரியை முந்துவாயாம், வளைவில் ஹார்ன் அடிக்க மறக்கமாட்டாயாம். பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்.

மழை விட்டதும் நான் கேட்டேன். "அப்பா, எங்களோட ஈப்போவுக்கு வாரீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டார். "இப்பதான்டா கேக்குற" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்க் கொல்லைப் பக்கம் எதையோ தட்டி ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பெட்டி செய்துகொண்டிருந்தார், கோழிகளுக்கு. நாலு பெட்டையும் ஒரு சேவலும் இல்லாமல் வரமாட்டாராம். புந்தோங்கில் கோழி வளர்க்க அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்றேன். கருப்பம்மாளிடம் அப்போதே பேசிவிட்டேன் என்கிறார்.

ஆகவே சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வா. எல்ஸியைக் கட்டாயம் கூட்டி வா, என்னை அவளுக்கு இப்போது போட்டோவில்தான் தெரியும். திரும்பும்போது நான் ஓட்டுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். நான் ஓட்டுவதை அவர் நம்பமாட்டாராம், மருமகள் ஓட்டினால்தான் ஏறுவாராம். முன் சீட்டையும் அவரே எடுத்துக்கொண்டார். எனக்குப் பின் சீட்டு. ஒரு பக்கம் என் மகள், மடியில் கோழிப்பெட்டி. சேவல் இப்போதே என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறது.

மெதுவாக வா. நாங்கள் எங்கேயும் போய்விட மாட்டோம்.

உன் ஆசைக் கணவன்,
ஸ்டானிஸ்லாஸ்